மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு ஹெட்போன்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இல்லை, இந்த ஹெட்போன் பாட்டுக்காக மட்டும் இல்லை. அருளிடம் பாட்டுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவன் நம்பிவிட்டான்.

காலையிலிருந்து மேகம். மழை இல்லை. கோயிலில் எல்லா விசிறிகளும் சுற்றியும் முதுகு நனைந்தது.

இன்று எங்கள் முதல் ஓலை, கல்யாண அறிவிப்பு. பூசை முடிவில் ஃபாதர் தாளை விரித்து வாசித்தார். சுங்கை பினாங்கைச் சேர்ந்த அருள், கெலுகோரில் வசிக்கும் ஸ்டெல்லா. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தன்னிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள். மூன்று ஞாயிறும் இதே வாசகம். பின்வரிசையில் ஒரு குழந்தை தும்மியது. வேறு யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு ஒரு தடை தெரியும். அருள் வீட்டு ஹால்.

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருக்கப்போவது அந்த வீட்டில். பூசை முடிந்து இன்றும் அங்கேதான் சாப்பாடு. டிவி. மேசையில் தட்டு அதிரும் சத்தம். அருளின் அப்பா துறைமுகத்தில் கிரேன்களுக்கு நடுவே வேலை பார்த்துக் காது போனவர். அவருக்காகத்தான் இந்தச் சத்தம் என்பது வீட்டின் விளக்கம். அவரோ காதுக் கருவியைக் கழற்றிச் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, யார் என்ன சொன்னாலும் சிரிப்பார். அழகான சிரிப்பு. டிவிக்கும் எங்களுக்கு ஒதுக்கிய அறைக்கும் ஒரே சுவர்.

அருளின் அம்மா கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார். "ஸ்டெல்லா, அந்த தேவகி செத்துருவாளா இல்லியா? ஒனக்குத் தெரியும்லா."

தெரியும். தேவகி வரும் டிவி தொடருக்கு மலாய் வசனம் எழுதுவது நான்தான். திரைக்குக் கீழே ஓடும் வரிகள். வீட்டிலிருந்தே வேலை. ஒளிபரப்புக்கு வெகு முன்பே எல்லாம் என்னிடம் வந்துவிடும். வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

"சொல்லக்கூடாது ஆன்ட்டி."

"ஆமாலா, பெரிய கவர்மெண்ட் ரகசியம்."

வேலைக்குக் காது வேண்டும். காதுக்கு அமைதி வேண்டும். ஆகவே ஹெட்போன். காதுக் கிண்ணங்களின் பின்பக்கம் மூடியது, வெளிச் சத்தம் புகாதது. நல்லதாக. தலையில் மாட்டிக்கொள்ளும் ஓர் அறை.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடியலில் மழை. இப்போது இலைகளிலிருந்து மட்டும் சொட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம். படிக்கும் காலத்திலிருந்தே இந்த வாடகை அறை, இந்த மரம். சாயங்காலம் இலைகளை மடக்கிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் நானும் மடிக்கணினியை மூடுவேன்.

பலசரக்கு: முட்டை, காப்பித்தூள், கொசுவத்தி. மறக்காமல் அறைக்காரம்மாவிடம் காலி செய்வதைப் பற்றிப் பேச வேண்டும். (நேற்றைய பட்டியலிலும் இதையே எழுதினேன். பேசவில்லை.)

அருள் போன் செய்தான், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியிலிருந்து, தேநீர் இடைவேளையில்.

"மூடினதுன்னா டப்பாக்குள்ள பாடுற மாதிரி இருக்கும் ஸ்டெல். திறந்ததுதான் நல்லது. காத்து வரும்."

"காத்து வேணாம்."

"வெளிச் சத்தமும் உள்ள வரும், ஒத்துக்கிறேன். ஆனா பாட்டு விரியும்லா. நீ என்ன, தண்ணித் தொட்டிக்குள்ள போயி உக்காரப் போறியா?"

"ஆமா."

சிரித்தான். பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

இதுவரை தேறியவை இரண்டு. மரம்: கிண்ணங்கள் மரத்தால் ஆனவை, இலேசு, போனில் செருகும் சின்னப் பெட்டியே அதை இயக்கிவிடும். கறுப்பு: உலோகம், கனம், உள்ளே கூம்புக்குப் பதில் ஒரு மெல்லிய படலம். ஒலியைப் பெருக்கித்தரும் வலுவான ஆம்ப் இல்லாவிட்டால் எழுந்திருக்காதாம்.

எழுந்திருக்க மறுக்கும் ஒன்று. ஏற்கெனவே பிடித்துவிட்டது.


ஆகஸ்ட் 7, வியாழன்

அருளோடு ஹெட்போன் கடைக்கு. காப்பிக்கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படி. மேலே ஏறினால் கம்பளம், ஏசி, யாரும் பேசாத அறை. கடைக்காரர் சீனர். சுங்கை பினாங்கில் வளர்ந்ததால் தமிழ் வரும்; எல்லோரும் அவருக்கு 'நீ'. எல்லோரும் 'பாஸ்'.

மரத்தை மாட்டினேன். இனிமை. கொஞ்சம் அதிக இனிமை.

கறுப்பை மாட்டினேன். ஒன்றும் பெரிதாக இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் காதோரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கண்ணாடி கழட்டு பாஸ். காம்பு உள்ள போனா காத்து ஓடும். காத்து ஓடினா கீழ்ச் சத்தம், பேஸ், ஓடிரும்."

கழற்றினேன். கடை கரைந்தது. அருள் ஒரு நீலச் சட்டை மட்டும் ஆனான். மெத்தைகள் கன்னத்தோடு ஒட்டின. முதலில் இருள் வந்தது, அதற்குப் பிறகுதான் ஒலி. வீணையின் கீழ்த்தந்தி. மீட்டிய விரலை எடுத்த பிறகும் அது அங்கேயே இருந்தது, கிணற்றில் போட்ட கல் இன்னும் இறங்கிக்கொண்டிருப்பதுபோல. இரண்டு ஒலிகளுக்கு நடுவே இருந்ததை அமைதி என்று சொல்ல முடியாது. ஒலி வரப்போகும் இடம்.

எவ்வளவு நேரமோ. நீலச் சட்டை அருகே வந்தது. வாய் அசைந்தது. இதற்குக் கீழே என்ன வசனம் எழுதுவது என்று யோசித்தேன்.

கழற்றியதும்: "மூணு தரம் கூப்ட்டேன் ஸ்டெல்."

"கேக்கல."

"அதான் கொஞ்சம் பயமாருக்கு."

அருள் பழைய வாடிக்கையாளன். கடைக்காரர் இரண்டையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். "கல்யாணப் பொண்ணு. வச்சிக் கேளு. கீழ போடாத."


ஆகஸ்ட் 8, வெள்ளி

அருள் தன் ஆம்புகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். ஒன்று வால்வு, கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய ரகம். ஆரஞ்சு வெளிச்சம், கை வைத்தால் வெதுவெதுப்பு. மற்றது பெரியது, சாம்பல் நிறம், அலுவலகக் கோப்பு அலமாரிக்கு உறவு.

மரம், வால்வில்: கீழ் ஒலிகள் உப்பிவிட்டன. பாடுகிற ஆண்களுக்கெல்லாம் சளி.

மரம், பெரியதில்: பாட்டுக்குப் பின்னால் மெல்லிய இரைச்சல். மழை என்று நினைத்து ஜன்னலைப் பார்த்தேன். வானம் தெளிவாக இருந்தது. "அவ்ளோ பவர் அதுக்கு வேணாம். ஆம்போட மூச்சுதான் கேக்குது," என்றான் அருள்.

கறுப்பு, வால்வில்: பாதித் தூக்கம். கறுப்பு, பெரியதில்: கண் விழித்துக்கொண்டது. மேசையைச் சுற்றி நடந்தது. கண்ணாடியைக் கழற்றிவைத்துத்தான் கேட்டேன்.

ஆக, கறுப்பு. பெரிய ஆம்ப்.

அருள் மேசைக்குக் கீழே முழங்காலிட்டு ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். வாயில் ஒரு செருகி. பின்கழுத்தில் வியர்வை. இந்த மனிதனோடு இருக்க எனக்கு ஒரு தடையும் இல்லை. தடை அவன் இருக்கும் இடத்தில்தான். அதைச் சொல்ல வாய் திறந்தேன். "டீ போடவா?" என்று வந்தது.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். இரண்டாம் ஓலை. யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும்.

கறுப்பையும் பெரிய ஆம்பையும் அருள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். கடையில் கேட்பது கடைக்குத்தான் பொருந்தும். வாழப்போகும் இடத்தில் கேட்க வேண்டும் என்று நானே பிடிவாதம் பிடித்தேன். எங்களுக்கு ஒதுக்கிய அறையில்கூட இல்லை, ஹாலில். இருப்பதிலேயே மோசமான இடத்தில்.

சோபாவின் ஓரம். மடியில் கணினி, அதில் வேலை. வேலைக்குத் திரையைப் படிக்க வேண்டும். படிக்கக் கண்ணாடி வேண்டும். இதை நான் யோசிக்கவே இல்லை. கடையிலும் என் அறையிலும் கண்ணாடி இல்லாமல் கேட்டுத் தேர்ந்தெடுத்தவள்.

ஆனாலும் முதலில் நன்றாகவே இருந்தது. ஹாலே ஒரு மீன்தொட்டி ஆனது. டிவியில் யாரோ அழுதார்கள், சத்தமில்லாமல். ஆன்ட்டியின் வளையல்கள் சத்தமில்லாமல் ஏறி இறங்கின. அங்கிள் எதிர் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. தன் காதைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். தன்னோடு வந்து சேர்ந்த ஒருத்திக்கு வரவேற்பு.

என் வேலையில் ஒரு காட்சி முடிந்து இன்னொன்று தொடங்குமுன் சற்று வெறுமை. ஆன்ட்டி டிவியைக் குறைத்திருக்க வேண்டும். நான் வேலை செய்கிறேன் என்பதற்காக. அந்த வெறுமையில், கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கியிருந்த இடைவெளி வழியாக, காதுக்குப் பின்னாலிருந்து அவர் குரல். எனக்குக் கேட்காது என்ற நம்பிக்கையோடு பேசும் குரல்.

"ஏற்கெனவே இந்த வீட்ல ஒருத்தரு காதக் கழட்டி மேசையில வச்சிட்டு உக்காந்திருக்காரு. இப்ப நீ காத மூடிக்கிற ஆளக் கூட்டியாற. மருமக வந்தா பேச ஆளாச்சுன்னு இருந்தேன். நான் யாருகூடடா பேசுறது?"

"டிவிகூடப் பேசுங்கம்மா."

"அதானேடா பேசிக்கிட்டிருக்கேன்."

அருள் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் ஓடாத காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

புழுக்கம். வேலை நகரவில்லை. தேவகி மருத்துவமனையில், நான் இங்கே.

இடைவெளியை அடைக்கும் வழிகள்:
மெல்லிய கம்பிச் சட்டமுள்ள கண்ணாடி.
கண்ணுக்குள் போடும் லென்ஸ். (கண் எரியும். போட்டுப் பார்த்தாயிற்று.)
இன்னும் தடித்த மெத்தை.

எழுதிவிட்டுப் பார்த்தால் எல்லாமே அடைக்கும் வழிகள்.

ஆன்ட்டியின் அந்த வரியை மலாயில் எழுதிப் பார்த்தேன். கீழே இரண்டு வரிதான் இடம். அடங்கவில்லை.

டிவி அங்கிளுக்காக ஓடவில்லை. இதை நான் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தும் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அந்த ஹெட்போனோடு நான் இருந்தால் என்ன ஆவேன் என்று தெரிந்துவிட்டது. நன்றாகச் சிரிப்பேன். எல்லோரும் நல்ல பெண் என்பார்கள்.

மரம் இலைகளை மடக்கிவிட்டது. வேலை முடியவில்லை.

அறைக்காரம்மா எதிரே வந்தார். காலி செய்வதைப் பற்றிப் பேசவில்லை. இம்முறை மறதி இல்லை.


ஆகஸ்ட் 16, சனி

சாயங்காலம் பாடாங் கோத்தா. கடற்சுவரில் உட்கார்ந்தோம். கடலில் ஏற்றம். தண்ணீர் சுவரை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தட்டு பசெம்பூர், இறால் வடையும் வெள்ளரியும் காரச் சாறும்.

சொன்னேன். "அந்த வீட்ல என்னால இருக்க முடியாது அருள்."

ஒரு கப்பல் வெளிச்சம் போட்டுக்கொண்டது.

"எங்கம்மா எதும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. எங்கிட்ட இல்ல. ஆனா சரியாதான் சொன்னாங்க." எப்படிக் கேட்டது என்று சொன்னேன்.

"அப்ப இத்தன நாளா ஹெட்போன் ஹெட்போன்னு அலஞ்சது?"

"இதச் சொல்லாம இருக்கிறதுக்கு."

இறால் வடைத் துண்டு ஒன்றை எடுத்து, தின்னாமல் வைத்திருந்தான். "நாளைக்கு மூணாவது ஓலை. இன்னிக்கு வந்து சொல்ற."

"நாளை வரைக்கும் டைம் இருக்குலா. தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு ஃபாதர்தானே வாசிக்கிறாரு."

சிரிப்பு வந்தது அவனுக்கு. முழுதாக வரவில்லை. "வேணாங்கிறியா? கல்யாணத்த?"

"வீட்டத்தான் வேணாங்கிறேன். கெலுகோர்ல சின்னதா ஒண்ணு பாக்கலாம். ஒன் ஃபேக்டரிக்கும் கிட்ட."

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான்."

வடையைத் தின்றான். கையைத் துடைத்தான். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "தனி வீடுன்னா சத்தமே இல்லியே. அப்ப திறந்ததே வாங்கிரலாம்லா."

"இல்ல. மூடினதுதான். கறுப்பு."

"இப்ப எதுக்கு?"

"பிடிச்சிருக்கு."

அதை வாங்க இந்த இரண்டு வாரத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் உண்மைக் காரணம். கல் இன்னும் கிணற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அது தரையைத் தொடுவதைக் கேட்க வேண்டும். வேறொன்றும் இல்லை.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூசை முழுவதும் மழை. ஃபாதர் மூன்றாம் ஓலையை மழைக்கு மேலாக உரக்க வாசித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. அருள் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, "கடைசி சான்ஸ்," என்றான். நான் அவன் காலை மிதித்தேன்.

வெளியே படிக்கட்டில், ஒரே குடைக்குள், ஆன்ட்டியிடம் சொன்னேன். நீளமாகத் தயார் செய்திருந்தேன். நான்கு வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது. அன்று கேட்டதையும் சொன்னேன்.

குடைக் காம்பை இறுகப் பிடித்திருந்தார். முகம் மாறியது. "அன்னிக்குக் கேட்டுச்சா ஒனக்கு?"

"கேட்டுச்சு ஆன்ட்டி."

"அவ்ளோ வெல போட்டு வாங்குறீங்க, ஒழுங்கா மூடலியா அது?"

எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்தார், மழையாகவும் இருக்கலாம். பிறகு: "அந்த ரூமுக்குப் புது கர்ட்டன் தச்சு வச்சிருக்கேன்."

நான் குடைக்குள் இன்னும் நெருங்கி நின்றேன்.

"எடுத்துட்டுப் போங்க. எந்த ஜன்னலுக்காச்சும் ஆகும்." குடையை என் பக்கம் சாய்த்து, "எப்பெப்ப வருவ?"

"ஞாயிறு, பூசை முடிஞ்சி. நடுவுல ஒரு நாளு."

"வரும்போது அந்தக் காதுப் பெட்டிய அங்கியே வச்சிட்டு வா."

சரி என்றேன்.

கடைக்காரருக்கு அருள் செய்தி அனுப்பினான்: கறுப்பு எங்களுக்கு, மரம் திரும்பி வரும், ஆம்ப் வேண்டாம், இனி இருவருக்கும் ஒரே வீடு, அவனுடையதே போதும்.

அவர்கள் வீட்டுக்குப் போனோம். டிவியில் மறுஒளிபரப்பு. ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து, தேவகிக்கு என்ன ஆகும் என்று முழுவதும் சொன்னேன்.