பொலிஸ் நிலையத்துக்குக் கட்டிப்போன கழுத்துப்பட்டி

நண்பரே,

இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டை இழுத்தபோது, பூச்சியுருண்டை மணத்தோடு உமது கழுத்துப்பட்டி வெளியே வந்தது. கருநீலம், நுனியில் தேநீர்க் கறை, போட்ட முடிச்சு போட்டபடி. அடுத்த வீட்டுத் தமிழ்நாட்டுப் பெண்ணின் கைப்பை களவுபோய்விட்டது. பொலிசில் முறைப்பாடு கொடுக்கவேண்டும். "நீங்க கூட வந்தா போதும் அங்கிள்" என்று கேட்டிருந்தார். அதற்காகத்தான் தேடினேன்.

முதன்முதல் அதை நான் கட்டியது 1974 ஜூன் ஆறாந்திகதி, வியாழக்கிழமை. நீர் கண்ணை மூடும்வரை வெள்ளிக்கிழமை என்றே சாதித்தீர். நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது. சான்றிதழ்களின் மூலப்பிரதிகள் அடங்கிய உறையை, மெல்பேர்ன் புறநகரான கிளேட்டனுக்கு வரும் ரயிலில் தவறவிட்டிருந்தீர். அடுத்த செவ்வாய்க்கிழமை உமக்கு நேர்முகத்தேர்வு. மூலப்பிரதிகள் இல்லையேல் வேலையும் இல்லை. ஆயினும் பொலிசுக்குப் போவோம் என்று நான் சொன்னபோது நீர் கதிரையை விட்டு எழவில்லை.

"ஐசே, அங்கை ஆரைப் பிடிக்கவேணும்?"

ஊரில் தெரிந்த ஆள் இல்லாமல் அந்தப் படியை நாம் மிதித்ததில்லை. களவுபோன சைக்கிளுக்காக உமது தந்தையார் மூன்று நாள் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து காத்திருந்து, ஏச்சு வாங்கித் திரும்பிய கதையை அன்றுதான் சொன்னீர். மெல்பேர்னில் நமக்கு யாரைத் தெரியும்? ஆகவே என்னையே பெரிய மனிதராக்கினீர். உமது கழுத்துப்பட்டியை எனக்குக் கட்டிவிட்டு, "நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம், நிண்டால் காணும்" என்றீர்.

நிலையத்து மேசையில் நீர் முதலில் வைத்தது, உமது பாடசாலை அதிபரின் நற்சான்றுக் கடிதம். நரைத்த தலைக் கான்ஸ்டபிள் அதன் இறுதிவரியை மட்டும் வாசித்து, மடித்துத் தந்து, இவ்வளவு நல்ல மனிதர் எதைத் தொலைத்தார் என்று வினவினார். பிறகு பெரிய புத்தகமொன்றில் மையால் எழுதிக்கொண்டார். நான் யார் என்று அவர் கேட்டபோது நீர் திகைத்து, "அறைத்தோழர்" என்று உண்மையைச் சொல்லிவிட்டீர்.

பத்தாந்திகதி, திங்கட்கிழமை, இராணியின் பிறந்தநாள் விடுமுறை. அந்தக் கான்ஸ்டபிள் தமது காவற்சுற்றில் எங்கள் தெருவால் நடந்து வருவதை யன்னலில் கண்டதும், அவசரமாக மறுபடியும் எனக்குக் கழுத்துப்பட்டி கட்டினீர். அவர் கையில் அந்த உறை இருந்தது. குசினியில் நீர் அவசரமாக ஊற்றிய தேநீர் என்மேலும் தெறித்தது. கறை அன்றையது.

நடந்து வந்த கடைசிப் பொலிஸ்காரர் அவர்தான். 1976இல் ரேடியோ இரையும் பொலிஸ் கார் எங்கள் தெருவைக் கடந்தது. அதில் இருந்தவரின் பெயரை நாம் அறிந்ததில்லை. 1979இல் சீருடை அணிந்த பெண்ணொருவர் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தார். பின்னர் மேசைக்கும் நமக்கும் நடுவே கண்ணாடி வந்தது, புத்தகம் போய்க் கணினி வந்தது. நீர் மட்டும் சனிக்கிழமைகளில், புதிதாக வந்த எவரோடாவது அந்தப் படியேறிக்கொண்டிருந்தீர். ஆரைப் பிடிக்கவேணும் என்று அவர்கள் உம்மைக் கேட்பார்கள்.

"ஒருத்தரையும் பிடிக்கத் தேவையில்லை. பக்கத்திலை ஒராள் நிண்டால் காணும்."

இன்று அந்தப் பெண் கண்ணாடிக்கு முன்னால் எல்லாவற்றையும் தாமே தெளிவாகச் சொன்னார். நான் ஒன்றும் கதைக்கவில்லை, நின்றேன். திரும்பும் வழியில், இதற்கு எதற்கு டை என்று கேட்டுச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அதைத் தளர்த்தி, தலைவழியே கழற்றி வைத்தேன். எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்பதல்ல. ஜூன் பத்தாந்திகதி நீர் போட்டதை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.