நீ மீட்டுக் கொடுத்த பொழுது

அக்கா,

இன்று காலை கதவைத் திறந்ததும் பினாயில் வாடை முகத்தில் அடித்தது. சுரங்க லைன் வீடுகள் முழுக்கச் சுண்ணாம்பு வாளிகளோடு ஆட்கள் நின்றார்கள். என் கால் வாசலைத் தாண்டவில்லை. எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இன்னா ஆச்சு? எங்கனா எலி விழுந்துச்சா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பெரிய தொர லைனப் பாக்க வராராம். அதுக்குத்தான் இந்தக் கூத்து" என்று அவள் சிரித்தாள்.

அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தேன். உன் நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்தது. நீ இருந்தபோதும் எழுத்துக் கூட்டிப் படித்தவளில்லை. அதனால் இதை ஒவ்வொரு வரியாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு நீ, தம்பிக்கு நான். மாரிகுப்பத்து மூங்கில் தட்டி வீட்டில் ஓர்ப்படிகளாகச் சேர்ந்தோம். குடியாத்தத்துப் பக்கமிருந்து ஒரு தகரப் பெட்டியோடு நான் வந்து இறங்கிய அன்றே, பெட்டிக்குள் புடவைக்கு அடியில் இருந்த புத்தகத்தை நீ எடுத்துப் பார்த்தாய்.

"இன்னாடி மரகதம் இது, கணக்குப் பொஸ்தகமா?"

"இல்லக்கா, கதை. பாதிரியார் பள்ளிக்கூடத்துல படிக்கக் கத்துக்கினேன்."

"அப்போ படி. கேப்போம்."

சொல்லிவிட்டாய். ஆனால் படிக்க ஏது நேரம்? என் வீட்டுக்காரர் பகல் ஷிப்ட், உன் வீட்டுக்காரர் மாமா ராத்திரி ஷிப்ட். ஒருவர் சுரங்கத்திலிருந்து ஏறும்போது இன்னொருவர் இறங்குவார். நம் அடுப்பு அணைந்ததே இல்லை. கேழ்வரகு அரைக்க வேண்டும், வரட்டி தட்ட வேண்டும், தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வெயிலில் காய வேண்டும். வீட்டுக்கு வந்தால் மாமா தூங்கிக்கொண்டிருப்பார். உரக்கப் பேசக்கூட முடியாது. நான் புத்தகத்தை விரித்து இரண்டு வரி படிப்பதற்குள் சோறு பொங்கும், இல்லையென்றால் ஷிப்ட் மாறும் சங்கு ஊதும்.

அந்தக் கதையில் ஒரு வியாபாரியின் மகள், காணாமல்போன புருஷனைத் தேடிக் கப்பல் ஏறுகிறாள். அந்த இடத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டோம். நீ களி கிண்டிக்கொண்டே பெருமூச்சு விடுவாய். "பாவம்டி அந்தப் பொண்ணு. இன்னும் கப்பல்லயே நின்னுகினு கீறா."

அப்போதுதான் கொள்ளைநோய் வந்தது. நம் வரிசையில் ஒரு வீட்டில் எலி செத்து விழுந்தது. அந்த வீட்டுக்காரருக்குச் சுரம் கண்டு அக்குளில் கட்டி வந்தது. மறுநாளே சுரங்கக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். வரிசையில் உள்ள எல்லோரும் முகாமுக்குப் போக வேண்டும், மாற்றுத் துணியும் ஒரு பாத்திரமும் போதும், மற்றதற்கெல்லாம் கந்தகப் புகை போடுவோம், கந்தலும் காகிதமும் நெருப்புக்கு என்றார்கள். வாசலில் எரிந்துகொண்டிருந்த குவியலைப் பார்த்து நான் அழுதுகொண்டு நின்றேன். புத்தகத்தைப் பற்றிய நினைப்பே எனக்கு இல்லை. நீதான் அதை எடுத்துக்கொண்டு அவர்களோடு வந்த கம்பவுண்டரிடம் போனாய்.

"ஐயா, இதுக்கும் புகை போட்டுக் குடுங்க. எரிச்சுடாதீங்க."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்புறம் எதுக்கும்மா இது?"

"இதுல ஒரு பொண்ணு கப்பல்ல நிக்கிறா. எறங்கினாளா இல்லையான்னு தெரியணுங்க."

அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். அத்தனை பேர் அழுது கூச்சலிட்ட அந்த வாசலில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனதைப் பார்த்தேன். புத்தகத்தைப் புகையில் காட்டித் திருப்பித் தந்தார்.

முகாம் என்பது பொட்டல் வெளியில் தகரக் கொட்டகைகள். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. சோறு அவர்களே கொடுத்தார்கள். தண்ணீர் வண்டியில் வந்தது. அடுப்பில்லை, சங்குக்கு ஓட வேண்டியதில்லை. நம் கைகளை என்ன செய்வதென்று நமக்குத் தெரியவில்லை. ஒருவர் கழுத்தையும் அக்குளையும் இன்னொருவர் தடவிப் பார்த்துக்கொண்டே முதல் நாளைக் கழித்தோம்.

மறுநாள் காலை மாமாவுக்குக் குளிர்சுரம். அவரை வேலிக்கு அந்தப் பக்கத்துக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நீ வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். காவலாள் விரட்டியதும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"படிடி" என்றாய்.

"இப்பவா அக்கா?"

"படி. சும்மா ஒக்காந்துகினு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுடும்."

புத்தகத்தை எடுத்து விரித்தேன். விட்ட இடத்திலிருந்து படித்தேன். கப்பல் கிளம்பியது, புயல் வந்தது, பாய் கிழிந்தது. நீ வேலிப் பக்கம் கண்ணை வைத்துக்கொண்டே "ம்" கொட்டினாய். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். சிலர் அழுதுகொண்டே கேட்டார்கள். அன்றும் அடுத்த நாளும் படித்தேன். ஒருமுறை நான் களைத்து நிறுத்தியபோது, "அவ ஒருத்தி புருஷன் கெடைக்கிற வரைக்கும் நிக்கலியே, நீ ஏண்டி நிக்கிற?" என்று அதட்டினாய். அவள் கரையிறங்கி, முன்பின் தெரியாத ஊரில் கடை கடையாக விசாரித்துக்கொண்டு போகும்போது கம்பவுண்டர் நம் கொட்டகைக்கு வந்தார்.

"சுரத்தோட அந்தப் பக்கம் வந்த ராத்திரி ஷிப்ட்காரர் சம்சாரம் யாரும்மா?"

நீ கையைத் தூக்கினாய். என் தோளைப் பிடித்துக்கொண்டாய்.

"பயப்படாத. கட்டி ஒண்ணும் இல்ல. வெறும் முறைக்காய்ச்சல். சுரம் எறங்கிடுச்சு. கஞ்சி கேக்கறாரு."

நீ சிரித்தாய். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாய். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, மிச்சத்தப் படி" என்றாய். கொட்டகையே சிரித்தது. அந்த மத்தியானம் போல ஒரு மத்தியானம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பழையபடியே அடுப்பு, குடம், வரட்டி. புத்தகம் பெட்டிக்குள் போய்விட்டது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எல்லோரும் பிழைத்து வந்தோமே, அது போதாதா? உனக்குப் போதவில்லை. ஒரு நாள் உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டாய்: "அங்க அவ்ளோ பொழுது இருந்துச்சே, இங்க மட்டும் எங்கடி போச்சு?"

அன்று மாமா எழுந்து சாப்பிட்டு முடித்ததும் சொன்னாய். சாயங்காலத் தண்ணீர் இனி உங்களுடையது, பகல் ஷிப்ட் ஆள் வரும்வரை அடுப்பை அணைத்துவிட்டு நாங்கள் கதை படிக்கப் போகிறோம் என்று. நான் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன்.

"ஆம்பள கொடம் தூக்கினா லைன்ல சிரிக்க மாட்டாங்க?" என்று மாமா கத்தினார்.

"நீங்க பொழைப்பீங்களா மாட்டீங்களான்னு வேலியப் புடிச்சுகினு நின்னேனே, அப்ப யாரு வந்து சிரிச்சாங்க?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று குடத்தைத் தொடவும் இல்லை. நீயும் தொடவில்லை. அன்று இரவு அவர் கையலம்பக்கூடத் தண்ணீர் இல்லாமல் ஷிப்டுக்குப் போனார். மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். லைன் சிரிக்கத்தான் செய்தது. கொஞ்ச நாளில் அதற்கும் சலித்துப்போனது.

அப்படித்தான் நமக்கு ஒரு பொழுது கிடைத்தது. வருஷக்கணக்கில் அது நம் கையில் இருந்தது. எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டேன். "எனக்கு எதுக்குடி எழுத்து? நீ படிச்சுக் கேக்கறதுதான் எனக்கு ருசி" என்று தள்ளிவிட்டாய்.

போன மழைக்காலத்தில் மார்ச்சளி கண்டு நீ போய்விட்டாய். இரண்டு பேர் வேலை ஒருத்தி தலையில் விழுந்தது, கைக்குழந்தை வேறு. பெட்டியைத் திறக்கவே இல்லை. அந்தப் பொழுதும் உன்னோடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். துக்கத்தோடு துக்கமாக அதையும் வைத்துக்கொண்டேன். கேட்பதற்கு ஆளில்லை என்பது ஒரு பக்கம். பொழுதைக் கேட்டு வாங்கித் தரவும் ஆளில்லை.

உனக்குத் தெரியும், மாமா என்னிடம் நேராகப் பேசமாட்டார். ஒரு நாள் சாயங்காலம் நான் சாணியைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் குடங்களை எடுத்துக்கொண்டு, தொட்டிலில் கிடந்த என் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "உங்கம்மாவ வரட்டிய அப்புறம் தட்டச் சொல்லு. வெளிச்சம் போறதுக்குள்ள படிக்கட்டும். அவ இருந்தா இந்நேரம் என்னைத் தொரத்தி இருப்பா."

அவர் தெருக்கோடி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. ஆனால் அது துக்கத்தில் வந்ததில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன்.

அன்றிலிருந்து ஒரு நாளும் விடவில்லை, அக்கா. மனசுக்குள் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை. உனக்குக் கேட்கிற மாதிரி உரக்கத்தான் வருகிறது. நீ "ம்" கொட்டுகிற இடங்களில் தானாகவே கொஞ்சம் நிறுத்துகிறேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டு, "யாருக்குடி படிக்கிற?" என்று கேட்டார். அப்புறம் அவரே புரிந்துகொண்டு சத்தமில்லாமல் வெளியே போய் உட்கார்ந்தார்.

இப்போது சந்தையில் வாங்கிய புதுக் கதை ஒன்று ஓடுகிறது. காட்டில் வழி தவறிய அக்கா தங்கையின் கதை. நேற்று அவர்கள் ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பரிசல்காரனைக் கூப்பிடுவதற்குள் என் பெண் அழுதுவிட்டாள்.

இதை எழுதி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டேன். குழந்தை தூங்குகிறது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இன்று அவர்கள் ஆற்றைக் கடந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.