உன் பாஸ்வேர்டில் படித்தவன்

நண்பா,

வார்டுச் சுவரில் இன்று காலை ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பசை வாடை இன்னும் போகவில்லை. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை சரி என்ற ஆய்வு முடிவுகளைத் தேடிப் பார்க்கும் இணையதளம் ஒன்றுக்குக் கல்லூரி சந்தா கட்டிவிட்டதாம். மாணவர்கள் பயன்படுத்திப் பலன் பெற வேண்டுமாம். கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக்குழு வரப்போகிறது, வேறென்ன. நீ போன பிறகு ஒட்டுகிறார்கள்.

நாம் மேற்படிப்பு படித்த காலத்தில் அதே தளத்துக்கு மொத்த விடுதியிலும் உன்னிடம் மட்டும்தான் பாஸ்வேர்டு இருந்தது. கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தாய். எல்லோரும் அதில்தான் படித்தோம். வார்டு ரவுண்ட்ஸில் மட்டும் யாரும் எதையும் படித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. அங்கே யூனிட் தலைவரான சீஃப் சொல்வதுதான் பாடம்.

திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து பாம்பு கடித்து ஒருவர் வந்தாரே, அன்று விஷம் ஏறி அவருக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. ஒவ்வாமை வருகிறதா என்று விஷமுறிவு மருந்தை முதலில் தோலில் துளி போட்டுப் பார்த்து, அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார் சீஃப். அந்தச் சோதனையால் பயனில்லை, உடனே மருந்து ஏற்ற வேண்டும் என்று முதல் நாள்தான் பொத்தேரி டீக்கடையில் இருவரும் ஒரே போனில் படித்திருந்தோம். நீ அதை அவரிடமே சொல்லிவிட்டாய்.

"போனப் பாத்து வைத்தியம் பண்றியா? இருவத்தஞ்சு வருசமா இப்டிதான் குடுக்குறேன், எவன் செத்தான்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சியா இத?"

"இல்ல சார்" என்றேன்.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். அதனாலேயே நீ தோற்றாய். செய்முறைத் தேர்வில் உன்னைப் பெயிலாக்கினார்கள். மன்னிப்புக் கேட்கலாமென்று முட்டுக்காட்டில் உன் வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டாய்: "வுடு மச்சான். நீயும் மாட்டிக்கினா யாருக்கு இன்னா லாபம்?" நீ திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். போன வருடம் மாரடைப்பில் போன உன்னை அதே வாசலில் கிடத்தியிருந்தபோதும் அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நான்தான் சீஃப். இன்று சாதாரண வயிற்றுப்போக்கோடு வந்த ஒருவருக்கு, பழக்க தோஷத்தில் ஆன்டிபயாடிக் எழுதினேன். ஒரு மாணவி போனை நீட்டினாள். "சார், இந்த மாதிரி கேஸுக்கு வேணாம்னு போட்டுக்கீது சார்."

அந்த அறிவிப்புக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தோம். "போனப் பாத்து வைத்தியம் பண்றியாம்மா?" என்று என் வாய் கேட்டது. அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற அவள் தோழியிடம், "நீ படிச்சியா?" என்றேன். அவள் கையிலிருந்த போனிலும் அதே பக்கம்தான் திறந்திருந்தது.

"இல்ல சார்."

எல்லோரும் போன பிறகு கேஸ் ஷீட்டை எடுத்து அந்த மருந்தின் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அவர்கள் முன்னாலேயே அடித்திருக்கலாம். உன் பாஸ்வேர்டு எனக்கு இன்னும் மனப்பாடம். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான், மச்சான்.