அம்மாவின் பழைய ரிப்போர்ட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது, நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமா. இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல் எழுத இந்த முறை கை வரவில்லை. உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அது ஒன்றுதான் நல்ல சேதி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தே தூங்குகிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நெஞ்சில் ஸ்கேன் எடுத்தோமே, அந்த ரிப்போர்ட்டை வாங்கப் போனது நான்தான். நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கொஞ்சம் அதிகம், ஆறு மாதத்தில் திரும்ப வாருங்கள் என்றார்கள். முப்பது வருஷம் பாய்லர் ஓட்டியவனுக்கு அழுத்தத்தைப் பற்றி இவர்கள் என்ன சொல்வது என்று ஒரு திமிர். பாய்லர் மீட்டரில் ஊசி சிவப்புக் கோட்டை லேசாகத் தாண்டினால் ஷிப்ட் முடியும்வரை விட்டுவைப்போம், ஒன்றும் ஆனதில்லை. நீ வாங்கி அனுப்பிய பிரஷர் மிஷினை அவள் கையில் கட்டிப் பார்த்தால் தினமும் நார்மல். அது வேறு அழுத்தம், இது வேறு என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் சரியா இருக்குன்னு அவளிடம் சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை என் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் மாடிக்குத் துணி காயப்போடப் போகிறவள் பாதிப் படியில் வாளியை வைத்துவிட்டு நிற்பாள். என்ன மகாராணி, பேட்டரி தீர்ந்துபோச்சா, சோம்பேறி ஆயிட்டியேன்னு மேலே நின்று கிண்டல் செய்வேன். சிரிப்பாள். பதில் சொல்ல மூச்சில்லாமல்தான் சிரித்திருக்கிறாள் பாவி மகள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளை எடை பார்க்க உள்ளே அழைத்துப்போன நேரத்தில் அந்த ரிப்போர்ட்டை டாக்டரிடம் நீட்டினேன். கொஞ்சம் ஏறினாலே ஆபத்துதான் ஐயா, அப்பவே வந்திருந்தா காரணத்தைக் கண்டுபிடிச்சு மருந்து குடுத்திருக்கலாம், இப்போ இதயத்தோட வலது பக்கம் தளர்ந்துபோச்சு, இனி எவ்வளவு நாள்னு என்னால சொல்ல முடியாதுன்னார். பெற்ற மகளிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

உனக்கும் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றாயே, உடம்பு போட்டுவிட்டது என்று விட்டுவிடாதே, போய்க் காட்டு. கொஞ்சம்தான் என்று யாராவது சொன்னால் எவ்வளவு என்று கேள். அடுத்த வருஷ லீவை இப்போதே எடுத்துக்கொண்டு பாப்பாவோடு வா. என்னைத் திட்டுவதானால் வாசலிலேயே திட்டிவிடு. நேற்று உப்பில்லாத கஞ்சியைக் கொடுத்தபோது, சோம்பேறியா உக்காந்து உக்காந்தே இந்த வியாதியை நானா வரவழைச்சுக்கிட்டேங்க என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் போட்டதும் தம்பிக்குச் சொல்.

உன் அப்பா