படம் இல்லாத படி

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனைக்கு டோக்கன் போடும் மென்பொருளில் இன்று மூன்று பிழை திருத்தினேன். அதில் ஒன்று நானே செய்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே மகள் போனை நீட்டினாள். "அம்மா, நீ வேலை பார்த்த ஆட்டுக்குட்டி கேம்தானே இது?"

அதேதான். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு மாடியறையில் எட்டுப் பேர் உட்கார்ந்து செய்தது. பாறைக்குப் பாறை தாவி ஓர் ஆட்டுக்குட்டி மலையேறும், தவறினால் பள்ளத்தில் விழும். அவ்வளவுதான் கதை. இப்போது போனில் ஓடும் காணொளியில் எங்கள் இயக்குநர் வெள்ளைத் தாடியோடு உட்கார்ந்து, அது உருவான விதம் பற்றி 'நீங்கள் அறியாத பத்துச் செய்திகள்' சொல்லிக்கொண்டிருக்கிறார். குட்டி கத்தும் சத்தம் எங்கள் கழிப்பறைக் கதவின் கீல் சத்தம் என்றார். உண்மை. நினைவகத்தில் இடம் போதாததால் குட்டிக்கு வால் வைக்கவில்லை என்றார். அதுவும் உண்மை. ஏழாவது செய்தி, கடைசி மலையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத படி.

அங்கே வெறும் அந்தரத்தில் குட்டி கால் வைத்தால் கால் நிற்கும். படி உண்டு, படம் மட்டும் இல்லை. ரசிகர்கள் அதற்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் எழுதுகிறார்களாம். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "வாழ்க்கையில நம்பி ஒரு அடி எடுத்து வைக்கணும். அதைச் சொல்லத்தான் அந்தப் படியை வச்சேன்."

வச்சாராம். அதை வைத்தது நான்.

மார்ச் 5, புதன்

காலையிலிருந்து பொருமிக்கொண்டிருக்கிறேன். நம்பிக்கையாம், அடியாம். யாருக்குக் காது குத்துறார் இந்த ஆளு?

மார்ச் 9, ஞாயிறு

எழுதி வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

கடைசி மலையின் பெரிய பள்ளம், திரையில் வரையும் பாறைக்கல் கணக்கில், ஆறு கல் அகலம். குட்டி தாவுவதும் சரியாக ஆறு கல். வட்டு அச்சுக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது இயக்குநர் வந்து, குட்டி காற்றில் மிதக்கிறது, கனமாகத் தெரிய வேண்டும், தாவலை அரைக் கல் குறையுங்கள் என்றார். குறைத்தோம். பள்ளத்தை யாரும் திரும்ப அளக்கவில்லை. அளக்க வேண்டியவர் அவர். அந்த மலையை வடிவமைத்தவர் அவர். அதன்பிறகு எவ்வளவு கைதேர்ந்தவர் ஆடினாலும் குட்டி நேராகப் பள்ளத்துக்குள்தான். விளையாட்டை யாராலும் முடிக்கவே முடியாது!

அதைக் கண்டுபிடித்தது நான். வெள்ளிக்கிழமை மதியம். மறுநாள் காலை வட்டு அச்சுக்குப் போகிறது. படங்களையெல்லாம் முந்தின நாளே பூட்டியாயிற்று, ஓவியரே கெஞ்சினாலும் இனி ஒரு புள்ளி சேர்க்க முடியாது. தாவலைத் திரும்ப மாற்றினால் எல்லா மலையையும் மறுபடி ஆடிச் சோதிக்க வேண்டும். ஆகவே அக்கரையை ஒட்டி, குட்டி விழப்போகிற இடத்தில் ஒரு படி வைத்தேன். படம் இல்லாமல். ஒரே ஒரு வரி நிரல். குட்டி அதில் இறங்கி, ஒரு குதி குதித்து மேலே ஏறிவிட்டது.

திங்கட்கிழமை இயக்குநர் அதைப் பார்த்தார். நன்றி சொல்லவில்லை. தன்னைக் கேட்காமல் கை வைத்தேன் என்று எல்லார் முன்னாலும் கத்தினார். மறுபதிப்பில், விளையாட்டு முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். இரண்டு வருட உழைப்பு. அப்போது மகள் வயிற்றில் ஆறு மாதம். அழுதுகொண்டே வேலையை விட்டேன்.

இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் இன்றுதான் முழுசாகச் சொன்னேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எல்லாவற்றையும் பார்வைக் கோளாறாகவே பார்ப்பார். "தெரியாத படிதானே, யார் வச்சதுன்னும் தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

அந்த விளையாட்டு உருவான கதையைப் புத்தகமாக எழுதும் பெண் ஒருவர் அழைத்தார். பழைய ஆட்களையெல்லாம் தேடிப் பிடிக்கிறாராம். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், அவரும் இதே மாதிரி உறுதியாத்தான் சொல்றாரு. உங்ககிட்ட ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

ஆதாரமாம். ஆட்டுக்குட்டியைச் சாட்சிக்குக் கூப்பிடட்டுமா?

மார்ச் 22, சனி

இருக்கிறது! சான்றிதழ் கோப்பில், மகளின் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால், நாலாக மடித்தபடி. இயக்குநர் அன்று கொடுத்த எச்சரிக்கைக் கடிதம். வெட்கத்தில் இத்தனை வருடம் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தேன். "இறுதி மலையில், எனக்குத் தெரியாமலும் என் அனுமதியின்றியும், கண்ணுக்குப் புலப்படாத படி ஒன்றைத் தாங்கள் வைத்தது கடும் ஒழுங்கீனம்." தேதி, முத்திரை, அவருடைய சுழித்த கையெழுத்து.

வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "திட்டினதுக்கு ரசீது கொடுத்திருக்காரே மனுஷன்" என்றார். இந்தத் தடவை சிரித்தேன். படமெடுத்துப் புத்தகக்காரிக்கு அனுப்பியாயிற்று.

மே 2, வெள்ளி

இயக்குநரே போன் செய்தார். இருபது வருடத்தில் முதல் தடவை. குரலில் அவ்வளவு குழைவு. சௌக்கியமா, குழந்தை என்ன படிக்கிறாள் என்று சுற்றி வளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பழசையெல்லாம் கிளறணுமாம்மா? நாமெல்லாம் ஒரு குடும்பமா இருந்தோம்."

"குடும்பத்துல யாரும் பேரை அடிக்க மாட்டாங்க சார்."

வைத்துவிட்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஜூன் 12, வியாழன்

புத்தகம் வந்துவிட்டது. பக்கம் 61. கடிதத்தை அப்படியே அச்சடித்து, கீழே என் முழுப்பெயர். 'பிழையைக் கண்டுபிடித்தவரும் தீர்த்தவரும் இவரே.' மகள் உரக்கப் படித்தாள், பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள். வீட்டுக்காரர் கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்துத்தான் படிக்கச் சொல்கிறாராம்.

ஜூன் 19, வியாழன்

தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி.

"அக்கா, நான் பிளாஸ்திரி. சோதனை ரூம்ல தற்காலிகமா இருந்தேனே. புத்தகம் பார்த்தேன், ரொம்ப சந்தோஷம். அந்தப் பள்ளம் அரைக் கல் பத்தலைன்னு திங்கக்கிழமையே உங்ககிட்ட வந்து சொன்னேனே, ஞாபகம் இருக்கா? உங்களுக்கு அப்ப நேரமில்ல. பரவாயில்லக்கா."

ஞாபகமில்லை என்று தட்டினேன். அனுப்பவில்லை. அழித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ஞாபகம் இருக்கிறது.

நாள் முழுக்கப் பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைவிரலில் எப்போதும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும் ஒல்லிப் பெண். எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். திங்கள் வந்தாள். செவ்வாய் வந்தாள். புதனும் வந்தாள், "அக்கா, எண்பது தடவை விழுந்துட்டேன்" என்று. நான் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. உனக்குக் கை வரலைன்னா ஆட்டத்தைக் குத்தம் சொல்லாதே என்றேன். ஆமாம், சொன்னேன். வெள்ளிக்கிழமை நானே ஆடிப் பார்த்து நானே விழுந்த பிறகுதான் அந்த ஒரு வரியை எழுதினேன். எழுதியதைப் போய் அவளிடம் சொல்லக்கூட இல்லை.

திங்கட்கிழமையே காது கொடுத்திருந்தால் ஓவியர் ஒரு கல் வரைந்திருப்பார். எல்லாரும் பார்க்கிற, சாதாரணமான கல். பள்ளம் அகலமாய் நின்றது இயக்குநரால். படிக்குப் படம் இல்லாமல் போனது என்னால். மூன்று மாதமாக அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தேனே, அதில் பாதியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தற்காலிக ஆட்களின் பெயர் பட்டியலில் ஒருபோதும் இருந்ததில்லை. அதற்காக நான் ஒரு வார்த்தை கேட்டதுமில்லை.

ஜூன் 23, திங்கள்

மதிய இடைவேளையில் புத்தகக்காரியை அழைத்தேன். 61ஆம் பக்கத்தில் பிழை இருக்கிறது, கண்டுபிடித்தது நான் இல்லை என்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், நான் சொன்ன அந்தக் கடுஞ்சொல்லையும் சேர்த்து. அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம், எழுதிக்கொள்கிறேன் என்றார். பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மேடம், அவங்க பேரு என்ன?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்குத் தெரியாது.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.