பொன்னுக்கு வீங்கி

சேந்தமங்கலம்
8.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சந்தோஷ்குமார் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், பண்ணையில் கோழிகள், எல்லோரும் நலம். கோயம்புத்தூரில் நீயும் மாமாவும் பாப்பாவும் நலம்தானே?

போன் இருக்கும்போது இமெயிலில் கடுதாசி எதற்கு என்று கேட்காதே. போனில் உன் பெயர் வந்தாலே அம்மா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். படிக்கிற காலத்தில் நாமக்கல் ஹாஸ்டலிலிருந்து 'அக்கா மட்டும் படிக்க' என்று மேலே எழுதி அனுப்புவேனே, இதுவும் அந்த வகைதான்.

புதுச்சத்திரத்தில் பெண் பார்த்துவிட்டு வந்ததை அம்மா சொல்லியிருப்பாள். பெயர் இலக்கியா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புரட்டாசி போகட்டும், ஐப்பசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று அவளுடைய அப்பா சுவாமிநாதன் மாமா சொல்லிவிட்டார். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சாப்பிட்டுவிட்டு கை கழுவப் பின்பக்கம் போனேன். சமையல்கட்டில் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. "மாப்பிள்ளை ஆளு தேவலைக்கா. தாடைதான் இல்லவே இல்ல. வாய்க்குக் கீழ நேராக் கழுத்துதான்." இன்னொருத்தி சிரித்தாள். சிரித்தது யாரென்று தெரியவில்லை. இலக்கியாவாகவே இருந்தால்?

எனக்கு முப்பத்து நாலு வயது, அக்கா. நம் பக்கத்தில் பெண் கிடைக்காமல் நாற்பதைத் தாண்டியவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். எனக்கு ஜாதகம் பொருந்தும், தோட்டம் பொருந்தும், பிறகு போட்டோ போகும், அதோடு பேச்சு நின்றுவிடும். ஏனென்று இத்தனை வருஷம் புரியவில்லை. இப்போது புரிந்துவிட்டது. இந்தப் பெண்ணும் ஒருநாள் என்னைப் பக்கவாட்டில் பார்க்கத்தானே போகிறாள்.

சேலத்தில் ஒரு கிளினிக்கில் தாடைக்கு ஃபில்லர் ஊசி போடுகிறார்களாம். நீ தோல் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருப்பவள். போட்டால் என்ன ஆகும், எவ்வளவு வலிக்கும், சொல். ஒரே காலையில் ஒரு ஷெட் குஞ்சுகள் அத்தனைக்கும் தடுப்பூசி போடுகிற கை இது. ஊசி என் பக்கம் திரும்பினால் மட்டும் ஓடி ஒளிகிற ஆள் நான்.

அம்மாவிடம் மூச்சுவிடாதே.

உன் தம்பி,
சந்தோஷ்


கோயம்புத்தூர்
10.9.2024

என் சாமிக்கு,

படித்ததும் எனக்குத்தான் தூக்கம் போனது. யாரோ ஒருத்தி கை கழுவுகிற இடத்தில் சொன்னதற்கு முகத்தில் ஊசி ஏற்றிக்கொள்வாயா? வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். நீ கேட்கமாட்டாய் என்பதும் தெரியும். அதனால் எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டதை எழுதுகிறேன்.

அது ஒரு ஜெல். மரத்துப்போக களிம்பு தடவி, தாடை எலும்பை ஒட்டி ஊசியால் உள்ளே வைப்பார்கள். முக்கால் மணி நேரத்தில் எழுந்து வந்துவிடலாம். முதல் இரண்டு மூன்று நாள் நன்றாக வீங்கும், தொட்டால் வலிக்கும், சில இடத்தில் கன்றிப்போகும். அதைப் பார்த்து இதுதான் என் புது முகம் என்று அழக்கூடாது. வீக்கம் வடிந்து உருவம் தெரிய இரண்டு வாரம் வேண்டும். அதுவரை அழுத்தக்கூடாது, தேய்க்கக்கூடாது, வெயிலில் நின்று மூட்டை தூக்கக்கூடாது. அதுவும் நிலைக்காது. ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை. பிறகு கரைந்து பழைய தாடையே வந்து நிற்கும். அன்றைக்கு அவளிடம் என்ன சொல்வாய்?

இனி எழுதுவதை இரண்டு தடவை படி. அந்த ஜெல் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டாலோ, குழாயை அடைத்துவிட்டாலோ ஆபத்து. அபூர்வம்தான். ஆனால் வந்தால் தோல் வெளுக்கும், பிறகு நீலமாக வலை விரித்த மாதிரி ஆகும், வலி ஏறிக்கொண்டே போகும். கண் மங்கினாலும் அதே ஆபத்துதான். அப்போது மணிக்கணக்காகக் காத்திருக்கக்கூடாது. ஜெல்லைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது, அதை உடனே போடவேண்டும். இல்லாவிட்டால் தோல் அழுகிப்போகும். அந்தக் கரைக்கிற ஊசி உங்களிடம் இருக்கிறதா, போடுவது தோல் டாக்டர்தானா என்று அந்த கிளினிக்கில் வாயைத் திறந்து கேள். இல்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடு.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. சும்மா மிரட்டவில்லை.

அக்கா,
மோகனப்பிரியா


சேந்தமங்கலம்
21.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டாதே. நேற்று போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கோழி மருந்து வாங்க சேலம் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

நீ சொன்னபடியே களிம்பு தடவினார்கள். ஊசி குத்துவது தெரியவில்லை. ஆனால் உள்ளே எதையோ தள்ளுவது தெரிந்தது, எலும்பின் மேல் யாரோ நடப்பது மாதிரி. கண்ணை மூடி முருகா முருகா என்று கிடந்தேன். முடிந்ததும் கண்ணாடி கொடுத்தார்கள். எனக்குத் தாடை இருந்தது, அக்கா! கொஞ்ச நேரம் பக்கவாட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரைக்கிற ஊசியைப் பற்றிக் கேட்டாயா என்று நீ கேட்பாய். கேட்கவில்லை. அந்த டாக்டர் என்னைவிடச் சின்னவர், வெள்ளைச் சுவர், ஏசி, வாய் வரவில்லை. போட வந்த இடத்தில் எடுப்பதைப் பற்றிக் கேட்டால் நன்றாகவா இருக்கும் என்று தோன்றியது.

இப்போது சங்கடம் வேறு. காலையில் எழுந்தால் காதடியிலிருந்து காதடிவரை வீங்கிக் கிடக்கிறது. அம்மா பார்த்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ சாமி, பொன்னுக்கு வீங்கியல்லோ வந்துருக்குது!" ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் பீரோவைத் திறந்து வரப்போகும் மருமகளுக்கென்று எடுத்து வைத்திருந்த தங்கச் சங்கிலியைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டுவிட்டாள். பொன் பட்டால் வீக்கம் இறங்குமாம். அதோடு விட்டாளா? வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து தாடை முழுக்க அழுத்திப் பற்றுப் போட்டிருக்கிறாள். அழுத்தாதே என்று எப்படிச் சொல்வேன்? என்ன காரணம் சொல்வேன்?

முட்டை ஏற்ற வந்த மாதேஷ் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். மஞ்சள் தாடியும் தங்கச் சங்கிலியுமாக என்னைப் பார்த்து, "ஏனுங்க, கோயில் நோம்பிக்குப் புறப்பட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் வண்டி புதுச்சத்திரம் வழியாகத்தான் போகிறது.

இடது பக்கம் மட்டும் வலி கூடுதலாக இருக்கிறது. பற்றின் எரிச்சலாக இருக்கும்.

உன் தம்பி,
சந்தோஷ்


22.9.2024, காலை

அக்கா,

குளிக்கும்போது பற்றைக் கழுவினேன். இடது தாடையில் ஒரு இடம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது. அதைச் சுற்றி நீலமாக, நீ எழுதினாயே, வலை, அதேதான். மஞ்சள் இருந்ததால் நேற்று தெரியவே இல்லை. ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். இன்று ஞாயிறு, கிளினிக் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

அம்மா கதவைத் தட்டுகிறாள், புதுப் பற்று அரைத்துவிட்டாளாம்.

என் முகம் போய்விடுமா அக்கா?


22.9.2024

சந்தோஷ்,

போனை எடு. எடுக்கவே மாட்டேன் என்கிறாய், அம்மா பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும்.

இதைப் படித்தால் அந்த நிமிஷமே கிளம்பு. எங்கள் டாக்டரம்மா தனக்குத் தெரிந்த சேலம் தோல் டாக்டரிடம் பேசிவிட்டார். அவர் ஞாயிறு என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்து காத்திருக்கிறார். நம்பரும் முகவரியும் கீழே இருக்கிறது. பற்று வேண்டாம், ஐஸ் வேண்டாம், நீ வண்டி ஓட்ட வேண்டாம், யாரையாவது ஓட்டச் சொல். அம்மாவிடம் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லிக்கொள். போ சாமி, போ.

அக்கா


சேந்தமங்கலம்
27.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சேலம் டாக்டர் உன்னிடம் போனில் சொல்லியிருந்தாலும் என் கையால் எழுதுகிறேன். அன்று அந்தக் கரைக்கிற ஊசியை எத்தனை முறை குத்தினார் என்று நான் எண்ணவில்லை. முதல் ஊசியைவிட வலித்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் தோலை அழுத்தி விட்டார், வெள்ளை மறைந்து சிவப்பு ஓடி வந்தது. "ரத்தம் வருது, பொழைச்சுக்கிட்டீங்க" என்றார். நான் அழுதுவிட்டேன். இன்னும் ஒரு நாள் மஞ்சளைப் பூசிக்கொண்டு படுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்றார். மறுநாளும் போய் ஊசி போட்டுக்கொண்டேன். இப்போது புளியங்கொட்டை அளவு கறுப்புத் தழும்பு இருக்கிறது. போய்விடுமாம்.

தாடையும் போய்விட்டது. பழையபடி வாய்க்குக் கீழே கழுத்து.

தொண்டை டாக்டரிடம் போய் வந்ததாக அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். வீக்கம் இறங்கியது சங்கிலியால்தான் என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டுப் பெருமை வேறு. "ஒரே நாள்ல பொன்னு எறக்கிருச்சு பாருங்க!" அந்தப் பெருமைதான் இப்போது தலையில் விழுந்திருக்கிறது. மாதேஷ் அங்கே ஒன்று சொல்ல, அம்மா இங்கே அதை உறுதிப்படுத்த, நேற்று சுவாமிநாதன் மாமா அப்பாவைப் போனில் கூப்பிட்டார். வயது வந்த ஆம்பளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால் வாரிசு நிற்காது என்று அவர்கள் பக்கம் பேசிக்கொள்கிறார்களாம். நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்றாராம். தள்ளி வைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருக்கிறாள். இல்லாத நோய்க்கு அழுகிறாள். உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் இலக்கியா போய்விடுவாள். இரண்டுக்கும் பயமாக இருக்கிறது. நீ வந்து சொல்லிவிடேன், அக்கா.

சந்தோஷ்


கோயம்புத்தூர்
28.9.2024

என் சாமிக்கு,

உயிரோடு, முகத்தோடு இருக்கிறாய். எனக்கு அது போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மருந்தகத்தின் பின்னால் உட்கார்ந்து எத்தனை தடவை உன் நம்பரை அழுத்தினேன் என்பதை உன் கல்யாணத்துக்குப் பிறகு சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு அந்த வீக்கம் வந்தாலும் எல்லோருக்கும் வாரிசு போய்விடாது, அபூர்வமாகத்தான் அப்படி ஆகும். அதை விளக்கி என்ன பயன்? உனக்குத்தான் அந்த நோயே வரவில்லையே.

நான் வரமாட்டேன். சின்ன வயதில் நீ கண்ணாடி உடைத்தபோதெல்லாம் நான் போய்ச் சொன்னேன், அம்மா என்னைத்தான் அடித்தாள். இதை நீயே சொல். முதலில் அம்மாவிடம். ஊர் சிரித்தால் ஒரு வாரம் சிரிக்கும். அந்தப் பெண் உன்னை நோயாளி என்று நினைத்து விலகிப் போனால் உனக்கு ஆயுசுக்கும் உறுத்தும்.

சொல்லாமல் எனக்கு எழுதாதே.

அக்கா


சேந்தமங்கலம்
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து நானும் அடுக்கிக்கொண்டே, சமையல்கட்டில் கேட்ட பேச்சிலிருந்து கடைசி ஊசிவரை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று பார்த்தேன். முட்டையைக் கீழே வைத்தாள். அவள் கை தானாக மேலே போய்த் தன் தாடையைத் தொட்டது.

"அது என்ற தாடைதான சாமி" என்றாள்.

அவ்வளவுதான். அப்போதுதான் அக்கா, நான் அவளைப் பக்கவாட்டில் பார்த்தேன். வாய்க்குக் கீழே நேராகக் கழுத்து. முப்பத்து நாலு வருஷம் பார்த்த முகம், எனக்கு ஒருநாளும் அதில் குறை தெரிந்ததில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. அந்த இரண்டு நாளுக்கு அந்த ஊசிகளே தேவலை.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து வண்டியை எடு என்றாள். அப்பாவும் பேசாமல் ஏறிக்கொண்டார். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. புதுச்சத்திரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னாள்.

தண்ணீர் கொடுத்தார்கள், அம்மா குடிக்கவில்லை. நேராக சுவாமிநாதன் மாமாவைப் பார்த்துச் சொன்னாள்.

"பையனுக்கு நோவு ஒண்ணும் இல்லீங்கண்ணா. என்ற தாடை அவனுக்கு வந்துருக்குது. அது ஆகலைன்னு ஊசி போட்டுட்டு வந்து வீங்கிக்கிட்டான். நாந்தான் வெவரந் தெரியாம பொன்னுக்கு வீங்கின்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன். டாக்டர் சீட்டு இந்தாங்க. ஆனா ஒண்ணுங்க. இந்தத் தாடை ஆகாதுன்னா இப்பவே சொல்லீருங்க. நாளைக்குப் பொறக்கற குழந்தைக்கும் இதேதான் வரும்."

எனக்குத் தரை பிளக்காதா என்று இருந்தது. மாமா சீட்டைப் பிரிக்கவே இல்லை, கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். உள் அறை வாசலில் இலக்கியா வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள், நன்றாக, நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"எனக்குப் புடிச்சிருக்குதுங்க, அத்தை" என்றாள்.

அம்மா அப்போதுதான் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

ஐப்பசி பதினைந்தாம் தேதி நிச்சயம். மாமாவையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. அன்று சமையல்கட்டில் சிரித்தது யாரென்று நான் கேட்கவில்லை. இனிக் கேட்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. அந்தச் சங்கிலி இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது. நிச்சயத்தன்று இலக்கியாவுக்குப் போட வேண்டியது. கொக்கி இறுகிப்போய் என் கைக்கு வரவில்லை, போட்டவள்தான் கழற்ற வேண்டும். அம்மா இப்போது பேசுகிறாள், சிரிக்கக்கூடச் செய்கிறாள். இருந்தாலும் பக்கத்தில் போய், அவள் முகத்துக்கு நேரே என் தாடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டுமே. அதற்குத்தான் பயமாக இருக்கிறது, அக்கா.

உன் தம்பி,
சந்தோஷ்