தார் ரோடும் காட்டுத் தடமும்

ஜூன் 11, 2019, செவ்வாய்

ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேத்தியிலிருந்து லவ்டேல் வரை போய்த் திரும்பினேன். தார் ரோடு. கால் தன்பாட்டுக்குப் போகிறது. எதையும் பார்க்க வேண்டியதில்லை. கேரட் லாரி ஒன்று தோளை ஒட்டிப் போனது. பயம் வரவில்லை. குளித்துவிட்டு ஃபாக்டரி ஆபீசுக்குப் போனேன்.

ஜூன் 14

ஓடினேன். மழை.

ஜூன் 19

ஆபீசில் சுசீலா கேட்டாள்: "ஏன் மரகதம், கொழந்தை போயி மூணு மாசங்கூட ஆகல. அதுக்குள்ள ஓடோணுமா?"

ஓடாவிட்டால் என்ன செய்வது? ஏழாம் மாதத்திலேயே பிறந்தாள். அழவில்லை — அவள். நானும்தான். அன்றிலிருந்து வீட்டில் சாப்பாடு, கரண்ட் பில், மழை பற்றித்தான் பேச்சு.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் என் வீட்டுக்காரர், "தார்லயே ஓடுனா முட்டி போயிரும். என்கூடத் தேயிலைத் தோட்டத்துத் தடத்துக்கு வா" என்றார். கரண்ட் லைன்மேன் வேலை, மலையில் எல்லாத் தடமும் தெரியும்.

அவர் முன்னால், நான் பின்னால். வேர், வழுக்குக் கல், தேயிலைச் செடிகளுக்கிடையில் பள்ளம். ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டும். ரோட்டில் நான் காணாமல் போய்விடுவேன், இங்கே முடியவில்லை. கணுக்கால், தொடை, அடிவயிறு — எல்லாம் எனக்கே திரும்பி வந்தன. பிடிக்கவில்லை.

சோலைக்காட்டு ஓரத்தில் சட்டென்று நின்று கையைப் பின்னால் நீட்டி என்னைத் தடுத்தார். காட்டெருமை. தடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

"அசையாத."

செத்துப்போவேனோ என்று பயந்தேன். பயந்தேன்! அப்படியென்றால் எனக்கு இன்னும் உயிரோடு இருக்க வேண்டும்போல் இருக்கிறதா?

அது மெதுவாகச் சரிவில் இறங்கிப் போனது. அதன் பிறகும் நீட்டிய கையை அவர் இறக்கவே இல்லை.

"ஏனுங்க, உங்களுக்குமா பயம்?"

"உன்னையும் குடுத்துப்போட்டு நான்..." ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டார். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

ஜூன் 24

கால் வலி. லீவு போடவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

"தடத்துக்கா?" என்றார்.

"வேண்டாங்க, ரோட்டுக்கே போலாம். தடத்துல உங்க முதுகத்தான் பாத்துட்டு வரோணும்."

அருகருகே ஓடினோம். வண்டி வந்தால் எனக்குப் பின்னால் ஒதுங்குவார். போனதும் மறுபடி பக்கத்தில் வருவார். லவ்டேல் ஏற்றத்தில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பேரு ஏதாச்சும் நெனச்சு வெச்சிருந்தயா?"

சொன்னேன்.

ஒருமுறை அவரும் சொல்லிப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு மூச்சு முட்டியது. ஏற்றத்தால் இல்லை. நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.